கடப்படிக்குப் போன சோறு

பக்கத்து வளவு மாமி யாருக்கும் "இல்லை" என்று சொல்லி நான் கேட்டதில்லை. கிளினிக்கில் இருந்து வரும் தாதி, சுகமில்லாத மாமாவை ஒரு நாளைக்கு ஒரு தடவையாவது குளிப்பாட்ட வேண்டும் என்பார். "ஓம் மிஸ்." நாலு வீடு தள்ளியிருக்கிற மூத்த பெண் ஒருவர் ஓதின தண்ணீரைப் போத்தலில் கொண்டுவந்து, மருந்தையெல்லாம் நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடு என்பார். "ஓம் ராத்தா." கொழும்புக்குக் கொண்டுபோ என்று சொன்னவருக்கும், கொழும்புக்குக் கொண்டுபோய் அந்த மனிதரை அலைக்கழிக்காதே என்று சொன்னவருக்கும் ஒரே பின்னேரத்தில் அவர் ஓம் சொன்னதை, வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டிருக்கிறேன். வந்தவர்கள் பிளேன்டீ குடித்துவிட்டு மனம் நிறைந்து போவார்கள். மாமி கோப்பைகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, தான் முன்பு செய்துகொண்டிருந்ததையே திரும்பவும் செய்வார்.

எனக்கும் அப்படித்தான் ஓம் சொன்னார். அதை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். இதை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "கார்ட் மாமாட பொண்டாட்டி" என்பார்கள். சண்டைக் காலத்தில் மாமா ஊர்க்காவலராக, ஹோம் கார்டாக, இருந்தார். ஊருக்கு மேற்கே, வட்டை என்று நாங்கள் சொல்லும் பெரிய வயல்வெளியின் ஓரத்தில், மண்மூட்டை அடுக்கிய காவலரணில் துவக்கோடு நின்றவர். ஒருநாள் குண்டொன்று வெடித்து, சிதறிய இரும்புத் துண்டு இடது காதுக்கு மேலே ஏறியது. உயிர் தப்பினார். தலைமயிர் முளைக்காத ஒரு கோடு மட்டும் அங்கே மிஞ்சியது. அதன்பிறகு பல வருடம், கோபமும் மறதியும் கொஞ்சம் கூடிய ஒரு மனிதராகத்தான் இருந்தார். சந்தைக்குப் போனார், தொழப் பள்ளிவாசலுக்குப் போனார், மாமியோடு சண்டை பிடித்தார். பிறகு ஒவ்வொன்றாக விட்டுப்போயிற்று. கடைசியில் விட்டுப்போனது மாமியின் முகம்.

நான் முதல் பிள்ளை பெற்று, படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தில் லீவு எடுத்து வீட்டில் இருந்த காலம் அது. மகளின் வாப்பா, என் புருசன், கட்டாரில். பிள்ளைக்கு மூச்சு ஒழுங்காகப் போகிறதா என்று ஒரு நாளில் இருபது தடவை நெஞ்சில் கைவைத்துப் பார்க்கிறவளாக இருந்தேன். ஒரு காய்ச்சலுக்கு மூன்று தெர்மாமீட்டர் வாங்கினேன். அந்தப் பயத்தில் பாதியை வேலிக்கு மேலால் மாமி வீட்டுக்கும் அனுப்பினேன் என்று இப்போது நினைக்கிறேன்.

முதலில் எனக்கு விளங்காதது மாமியின் முக்காடு. சொந்த வீட்டுக்குள், சொந்தப் புருசனுக்கு முன்னால், தலையும் கழுத்தும் மூடி ஊசி குத்தியிருப்பார். மார்க்கப் பற்று கூடிவிட்டது என்று எண்ணினேன். ஒருநாள் கேட்டேன்.

"ஏன் மாமி, ஊட்டுக்குள்ளயும் இப்பிடி? வெக்கையா இல்லையா?"

"ஓம் மகள், வெக்கதான். அவருக்கு நான் ஆரோ ஒரு பொம்புள. தல தெறந்து நிண்டா மொகத்தத் திருப்பிருவார். ஒருநாள் முழுக்கச் செவரப் பாத்துக்கொண்டு இரிந்தார், பாவம்."

மாமாவின் கணக்கில் அவர் இன்னும் டியூட்டியில் இருந்தார். அந்த வீடு அவருக்குக் காவல் கொடுக்கப்பட்ட வீடு. மாமி அந்த வீட்டுக்காரி. பொம்புளை தனியே இருக்கிற வீட்டுக்குள் காவல்காரன் போகக்கூடாது என்று முன் விறாந்தையிலேயே படுத்தார். பகலில் மருதமுனைச் சாரனை இறுக்கி உடுத்திக்கொண்டு, கடப்படியில், வளவு வாசலில், கேட்டுக்கு உள்பக்கம், பிளாஸ்டிக் கதிரையில் குடையொன்றை மடியில் கிடத்தியபடி இருப்பார். தெருவால் போகிற மீன் வியாபாரியைக்கூட நிறுத்தி, பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லுவார். மீன்காரரும் நல்ல மனிதர். "பாருங்க சேர், சூரை மட்டும்தான், வேற ஆயுதம் ஒண்டுமில்ல" என்று திறந்து காட்டிவிட்டுத்தான் போவார்.

மாமி சோறு கொண்டுபோனால் மாமா எழுந்து நிற்பார். சோற்றுக் கோப்பையை மாமியின் கையில் இருந்து வாங்கமாட்டார். மாமி கதிரைக்குப் பக்கத்து முக்காலியில் வைத்துவிட்டு விலகவேண்டும். "பெரிய உபகாரம்" என்று சொல்லித்தான் சாப்பிடுவார். முப்பது வருடம் தன் சோற்றுக்கு உப்புக் காணாது என்று கத்திய மனிதர் உபகாரம் சொல்வதை மாமி சொல்லிச் சிரிப்பார். சிரித்து முடிந்ததும் சீலைத்தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போவார்.

குளிப்பாட்டுவதுதான் பெரும் பாடாக இருந்தது. மாமியின் தம்பி சம்மாந்துறையில் இருந்து வெள்ளிக்கிழமைகளில் வந்து குளிப்பாட்டிவிட்டு ஜும்ஆத் தொழுகைக்குக் கூட்டிப்போவார். மற்ற ஆறு நாளும் மாமாவின் உடம்பில் யாரும் கைவைக்க முடியாது. நாள் முழுவதும் கதிரையில் இருந்து முதுகிலும் இடுப்பிலும் தோல் சிவந்து புண்ணாகத் தொடங்கியது. மாமி ஈரத்துணியோடு கிட்டப் போனால், மாமா கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு கெஞ்சுவார். "நான் கெட்டவனில்ல. ஆனா இது ஹறாம். அல்லாஹ்வுக்குப் பயந்துகொள்ளுங்க."

தாதி புண்ணைப் பார்த்துவிட்டு, இப்படியே போனால் உள்ளே பழுக்கும், பிறகு காப்பாற்ற ஏலாது என்றார். மாமி "ஓம் மிஸ்" என்றார். அன்றுதான் அந்த ஓம் கொஞ்சம் நடுங்கியது.

நான் சும்மா இருக்கவில்லை. இருந்திருக்கலாம். இரவல் புத்தகங்களிலும் கைத்தொலைபேசியிலும் இந்த நோய் உள்ளவர்களைப் பராமரிக்கிற குடும்பத்தினர் என்ன செய்யவேண்டும் என்று வாசித்து, தமிழில் நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். நோயாளி சொல்வதை மறுத்து வாதாட வேண்டாம். பராமரிப்பவர் ஓய்வெடுக்க வேண்டும். மாமி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு கிளினிக் கார்ட் உறைக்குள் வைத்தார். நான் எழுதிய முதலாவதை அவர் ஏற்கனவே ஒரு வருடமாகச் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. இரண்டாவதற்காக, "ஒரு மணித்தியாலம் நான் மாமாவப் பாத்துக்கொள்றன், நீங்க படுங்க" என்று பிள்ளையோடு போய் இருந்தேன். "ஓம் மகள்" என்று உள்ளே போய்ப் படுத்தார். கதவு நீக்கலால் பார்த்தேன். பாயில் நிமிர்ந்து கிடந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்து நிமிசத்தில் வெளியே வந்து, "நல்லா நித்திர கொண்டன் மகள், நீங்க போங்க, புள்ளைக்குப் பசிக்கும்" என்றார்.

அந்தக் கிழமைதான் மாமா என்னைக் கடப்படியில் நிறுத்தினார்.

"மகள், கொஞ்சம் நில்லுங்க. இந்த ஊட்டுக்காரி நல்ல மனிசி."

"ஓம் மாமா."

"தனிய இரிக்கா. நானும் பாக்கன், ஆம்புளத் தொணையில்ல. அவட ஆக்கள் ஒண்டும் பாக்கல்லையா?"

எங்கள் பக்கத்தில் பெண் வீட்டார்தான் மாப்பிள்ளை கேட்டுப் போகவேண்டும். கலியாணம் முடிந்து, மாப்பிள்ளைதான் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். அதனால் ஆண் பக்கம் ஒருபோதும் வாய்விட்டுக் கேட்காது. "அவட ஆக்கள் பாக்கல்லையா" என்று ஒரு ஆண் விசாரித்தால், வந்து கேளுங்கள் என்று அர்த்தம். என் கலியாணமும் அப்படியொரு விசாரிப்பில்தான் தொடங்கியது. ஆகவே அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்குள் ஒரு கதவு திறந்தது போல இருந்தது. மாமாவுக்கு மனம் இருக்கிறது. முறையாகப் போய்க் கேட்டு அவர் ஓம் சொல்லிவிட்டால், மாமி அவருக்கு ஹலால் ஆகிவிடுவார். கிட்டப் போகலாம், குளிப்பாட்டலாம், புண்ணுக்கு மருந்து போடலாம். உண்மையில் மனைவிதானே, பாவம் ஒன்றுமில்லை.

மாமியிடம் சொன்னேன். அவர் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்தார். கை நின்றது.

"அவரா கேட்டார்?"

"ஓம் மாமி. என்னட்டத்தான் கேட்டார். உங்களுக்கு விருப்பமா?"

கையில் இருந்த கொப்பை உருவி முடித்துவிட்டு, "ஓம் மகள்" என்றார்.

அந்த ஓம் எந்த ஓம் என்று நான் யோசித்திருக்கவேண்டும்.

கேட்டுப்போக ஆள் வேண்டும். மாமியின் வாப்பா மௌத்தாகி, அடக்கம் செய்து பல வருடம். தம்பியையும் என் வாப்பாவையும் பிடித்தேன். தம்பி முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "சொந்த ராத்தாவ சொந்த மச்சானுக்கு ரெண்டாந்தரம் கேட்டுப் போறதா? சீதனமும் ரெண்டாந்தரம் கேப்பாரோ? குடுக்க ஊடு ஒண்டுதானே இரிக்கு." என் வாப்பாவுக்கு வேறு கவலை. "நான் பொய் சொல்லமாட்டன். 'இந்தப் பொம்புளைய ஏத்துக்கொள்றீங்களா' எண்டு மட்டும் கேப்பன். அது பொய்யில்லதானே?" என்று என்னிடம் மூன்று தடவை உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஒரு வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு, இருவரும் தெருவைச் சுற்றிக்கொண்டு கேட் வழியாக வந்தார்கள். கையில் ஒரு சீப்புக் கதலிப்பழமும் ஒரு பிஸ்கட் பெட்டியும். மாமா குடையைச் சுவரில் சாத்திவிட்டு எழுந்து ஸலாம் சொன்னார். விறாந்தையில் இருத்தினார். மாமியும் நானும் உள்ளே கதவுச் சீலைக்குப் பின்னால் நின்றோம். மாமி நீலப்பூப் போட்ட ஒரு நல்ல சீலை உடுத்தியிருந்தார். உடுக்கச் சொல்லி நான் சொல்லவில்லை. கண்ணுக்குச் சுருமா போட்டிருந்தார். என் தோளில் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தாள்.

மழை, விதைப்பு, பள்ளிவாசல் நிர்வாகம் என்று கொஞ்சம் கதைத்துவிட்டு வாப்பா மாமாவைப் பார்த்துத் தொண்டையைச் செருமினார். "தம்பி, நாங்க ஒரு விசயமா வந்தம். இந்த ஊட்டுப் பொம்புளைய நீங்க ஏத்துக்கொள்றீங்களா?"

மாமா தலையைக் குனிந்துகொண்டார். நாங்கள் கதவுச் சீலையின் நீக்கலால் பார்த்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. பிறகு எழுந்து நின்றார். அந்த நிமிசம் அவர் ஒரு நோயாளியாகத் தெரியவில்லை.

"கொற நெனைக்கப்படாது. நீங்க பெரிய மனிசர், என்னத் தேடி வந்திரிக்கீங்க. ஆனா எனக்குக் கலியாணம் முடிஞ்சிரிக்கு."

தம்பி வாயைத் திறந்தார். மாமா கையால் தடுத்தார்.

"இவக்கு ஒரு நல்ல எடம் பாக்கத்தான் பக்கத்து ஊட்டுப் புள்ளைட்டச் சொன்னன். எனக்கில்ல. என்ட பொண்டாட்டி ஊட்ட இரிக்கா. சின்னப் புள்ள. நான் இல்லாட்டி ராவையில பயப்படுவா. லீவு கெடைச்சதும் போவன்."

பிறகு பெயரைச் சொன்னார். அவ பேரு இது என்று, ஏதோ சாட்சி சொல்வதுபோலத் தெளிவாகச் சொன்னார். ஏழு வருடம் பக்கத்து வளவில் இருந்து நான் முதன்முதல் மாமியின் பெயரைக் கேட்டது அப்போதுதான். அதை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை. அவர் அதை அப்படிச் சொன்னபிறகு வேறு யாரும் சொல்வது சரியில்லை போல இருக்கிறது.

தம்பிக்குப் பொறுக்கவில்லை. "மச்சான், இவதான் அது!" என்று வந்து கதவுச் சீலையை இழுத்துவிட்டார். மாமி நீலப்பூச் சீலையோடு நின்றார். மாமா ஒரு கணம் பார்த்தார், உடனே கண்ணைத் தாழ்த்திக்கொண்டார். "அந்த மனிசிய வெக்கப்படுத்தாதீங்க" என்றார்.

மாமி கதவுச் சீலையை மெதுவாகத் திரும்ப இழுத்து மூடினார். என் பக்கம் திரும்பி, "புள்ளட தல சரியுது மகள், நேராப் புடிங்க" என்றார். அவ்வளவுதான்.

அன்றோடு நிலைமை மோசமாயிற்று. அந்த வீட்டுக்காரிக்குத் தன்மேல் எண்ணம் இருக்கிறது என்று மாமாவுக்குப் பட்டுவிட்டது. கதிரையைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே, தெரு மதகுக்குப் பக்கத்தில் போட்டார். "வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி எழுதிப் போட்டிரிக்கன்" என்றார். மாமி வைத்த சோறு முக்காலியில் காய்ந்தது. முதல் நாள் முழுவதும் வெறும் தண்ணீர். இரண்டாம் நாள் நான் கொண்டுபோனேன், "அவ தந்துவிட்டதா?" என்று கேட்டார். எனக்குப் பொய் வரவில்லை. அவர் சோற்றைத் தொடவில்லை. வேலிக்கு இந்தப் பக்கம் வந்து, பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அழுதேன். பசியில் ஒரு மனிதர் வாடுகிறார், காரணம் நான். மாமியிடம் போய், "நான்தான் பிழை செய்தன் மாமி" என்றேன். அதற்கும் "ஓம் மகள்" என்றார். பழிக்கவில்லை. அது ஒரு உண்மை, அவ்வளவுதான் என்பதுபோலச் சொன்னார். அந்த ஓம் இன்னும் எனக்குள் கிடக்கிறது.

மூன்றாம் நாள் பகல். மாமி சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் பொரித்த மீனும் வாழை இலையில் வைத்து, பழைய பத்திரிகையில் சுற்றிக் கட்டினார். கறுப்பு அபாயா போட்டு, முகத்தையும் மூடிக்கொண்டார். பின்வேலிப் பொட்டால், அந்தச் சின்ன இடைவெளியால், எங்கள் வளவுக்குள் வந்து, என் முற்றத்தைக் கடந்து, கடற்பக்க ஒழுங்கையால் இறங்கிப் போனார். எங்கே என்று கேட்டேன். "வாறன் மகள்" என்றார். கொஞ்ச நேரத்தில் தெருவின் மறுமுனையில் இருந்து, வெயிலில் தூரம் நடந்துவந்த ஒருத்தி போல, மதகடிக்கு வந்துசேர்ந்தார். நான் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றேன்.

"அஸ்ஸலாமு அலைக்கும். ஹோம் கார்ட் தம்பி நீங்கதானா?"

"வஅலைக்கும் ஸலாம். ஓம்."

"உங்கட ஊருல இரிந்து வாறன். உங்கட பொண்டாட்டி சோறு தந்துவிட்டா."

மாமா இரண்டு கையாலும் வாங்கினார். மாமியின் கையில் இருந்தே வாங்கினார். மடியில் வைத்து அவிழ்த்து, முதல் பிடியை வாயில் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். "உப்புக் காணா" என்றார். "எப்பவும் இப்பிடித்தான்."

முகமூடிக்குள் மாமி என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது.

"அவ எப்பிடி இரிக்கா?"

"சொகமா இரிக்கா."

"பயப்படுறாவா?"

"ஓம். கொஞ்சம்."

"லீவு கேட்டிரிக்கன், வந்துருவன் எண்டு சொல்லுங்க."

அதன்பிறகு பத்து மாதம், ஒவ்வொரு பகலும் மாமி தன் வீட்டில் ஆக்கிய சோற்றோடு தெருவைச் சுற்றித் தன் கடப்படிக்கே போனார். சோற்றோடு சேதியும் போயிற்று. "குளிக்கச் சொன்னா." "சாரன மாத்தச் சொன்னா." "புண்ணுக்கு இந்த மருந்தப் போடச் சொன்னா." "ராவையில விறாந்தையிலேயே படுக்கச் சொன்னா." மாமா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிச் செய்தார். கிணற்றடியில் கயிறு கட்டிப் படுக்கை விரிப்பைத் தொங்கப்போட்டு, அவர் அந்தப் பக்கம் தானாகவே குளிப்பார். மாமி இந்தப் பக்கம் நின்று, "கழுத்துக்குப் பின்னால ஊத்தச் சொன்னா, மறந்துராம" என்று சொல்லிக்கொடுப்பார். கழுத்துக்குப் பின்னால் அவர் கை எட்டாது. அந்த இடம் மட்டும் வெள்ளிக்கிழமை தம்பி வரும்வரை அழுக்காகவே இருக்கும்.

ஒருநாள் நான் கேட்டேன், வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல். "மாமி, அவர் 'பயப்படுறாவா' எண்டு கேட்டா, பயமில்லை எண்டு சொல்லலாமே. அவருக்கும் நிம்மதியா இரிக்கும்."

"ஓம் மகள்" என்றார் வழக்கம்போல. பிறகு, முதல்தடவையாக, ஓமுக்குப் பின்னால் இன்னும் கொஞ்சம் சொன்னார். "பயமில்லையெண்டா அவர் லீவு கேக்கமாட்டார்."

மாமா ஒருநாள் விடிய, சுபஹுத் தொழுகைக்குப் பிறகு, விறாந்தையில், நித்திரையிலேயே போய்விட்டார். பள்ளிவாசலில் இருந்து மையத்துக் குளிப்பாட்டுகிறவர்கள் வந்தார்கள். அந்தப் படுக்கை விரிப்போடு இன்னும் சிலதைச் சேர்த்துக் கிணற்றடியில் நாலு பக்கமும் கட்டினார்கள். வந்தவர்களில் மூத்தவர் வாசலில் நின்று, "நாங்க ஆம்புளையள் செய்றம். நீங்க உள்ளுக்குப் போய் இரிங்க" என்றார்.

மாமி வாசற்படியில் நின்றார். சீலைத்தலைப்பு தோளில் கிடந்தது. மாமா முகம் மறந்தபிறகு, அந்த வீட்டுக்குள் அவரை முக்காடு இல்லாமல் அன்றுதான் பார்த்தேன். பிற ஆண்களைக் கண்டதும் இழுத்து மூடிக்கொண்டார்.

"இல்ல" என்றார்.

மூத்தவருக்குக் கேட்கவில்லையோ என்னவோ, "என்ன?" என்றார்.

"இல்ல. நான்தான் குளிப்பாட்டுவன்."

மௌலவியிடம் ஆள் போனது. மனைவி குளிப்பாட்டுவதற்கு மார்க்கத்தில் தடையில்லை என்று பதில் வந்தது. அதுவரை மாமி படியை விட்டு அசையவில்லை. பிறகு சட்டைக் கையை முழங்கை வரை சுருட்டிக்கொண்டு, சேதி கேட்டு வந்திருந்த தம்பியோடு விரிப்புக்குள் போனார்.

நான் இலந்தை இலை போட்ட தண்ணீரை வாளியில் சுமந்து விரிப்பின் விளிம்பு வரை கொண்டுபோனேன். உள்ளிருந்து ஈரமான ஒரு கை வந்து வாளியை வாங்கியது. ஏதாவது செய்யவேண்டும் போல இருந்தது எனக்கு. எப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

"மாமி, நான் ஏதும் செய்யட்டா?"

"இல்ல மகள்" என்றார்.

முதல் சொன்னதைவிட மெதுவாகச் சொன்னார். நான் பின்னால் வந்து நின்றேன். உள்ளே தம்பியின் குரல், "கொஞ்சம் நிமித்துறன் ராத்தா" என்றது. பிறகு தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது, ஒரே இடத்தில், நெடுநேரம். கழுத்துக்குப் பின்னால்தான் என்று நினைத்துக்கொண்டேன்.